இடப்பக்கம் கிறுகின ட்ரக்

ட்ரக் கிணத்தடியில இருந்து வெளிக்கிட்டு நாலு அடி நேராத்தான் போச்சு. மறுகா இடப்பக்கம் கிறுகி, கோழிக்கூட்டில முட்டிக்கொண்டு நிண்டு சும்மா சில்லைச் சுத்திச்சு. கோழியெல்லாம் வேலிக்கு மேல.

பெரியம்மா வாசல்ல நிண்டு நெஞ்சில கைய வெச்சா.

"பாத்தியா? அவன் ரோட்டுக்குப் போறான்."

ரோட்டு எங்கட வளவுக்கு இடப்பக்கம்தான் கிடக்கு. அதுக்கு நான் என்ன செய்ய? ட்ரக்கைத் தூக்கி மற்றப் பக்கம் பாக்க வெச்சு, திரும்பவும் விட்டன். திரும்பவும் இடப்பக்கம் கிறுகி, போய்க் கக்கூசுக் கதவில முட்டிச்சு.

"இப்ப எங்க போறான் பெரியம்மா? கக்கூசுக்கா?"

அதுக்கு அவ எனக்கு ஏசின ஏச்சை இந்தப் பேப்பர்ல போட மாட்டாங்க.

பெரியம்மா எண்டா அம்மாட அக்கா. ரெண்டு வளவுக்கும் நடுவில ஒரு வேலி, வேலியில ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால கறி வரும், புத்தி வரும், ஏச்சு வரும். போன கிழமை அவட வெத்திலை பாக்கைப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு அந்த ஓட்டையால கறிச்சட்டி ஒண்டு வந்திச்சு, வெறுஞ்சட்டி. இந்தக் கிழமை அம்மி வந்தாலும் வரும்.

உடுப்பை எடுத்துட்டு ட்ரக்கை வெச்சவன்

ட்ரக் என்ட அண்ணா கஜன்ட. ரிமோட்டில ஓடுற ட்ரக். சிவப்பு நிறம், ஒரு சேவலை விடக் கொஞ்சம் பெரிசு, சில்லு நாலும் குண்டு குண்டா மண்ணைப் பிடிச்சு ஏறும்.

கட்டாருக்குப் போற பொடியனுகள் திரும்பி வரக்குள்ள சென்ட் கொண்டு வருவானுகள், கம்பளி கொண்டு வருவானுகள், சொக்லேட் கொண்டு வந்து ஊரெல்லாம் குடுப்பானுகள். எங்கட ஆள் மூணு வருசம் வெயில்ல கம்பி கட்டிட்டு, பெட்டிக்குள்ள இடமில்லையெண்டு தன்ட உடுப்பையெல்லாம் கூட்டாளிக்குக் குடுத்துட்டு, இதைக் கொண்டு வந்தான்.

எங்கட ஊர் மாங்கேணி முழுக்கச் சிரிச்சிச்சு.

"என்ன மனே, கலியாணம் முடிக்க முதலே புள்ளைக்குச் சாமானா?" எண்டு ஒரு மாமி கேட்டா.

"ஓம் மாமி. புள்ளையை விட இது சொல்வழி கேக்கும்" எண்டான்.

கேட்டதுதான். பின்னேரத்தில வளவு மண்ணில விடுவான். ட்ரக்குக்குப் பின்னால வெத்திலையை அடுக்கி, வேலி ஓட்டையால பெரியம்மாட வாசலுக்கு அனுப்புவான். பெரியம்மா வெத்திலையை எடுத்துக்கொண்டு, "கழிசறை, எழும்பி வந்து தர ஏலாதா?" எண்டு ட்ரக்குக்கு ஏசுவா. ட்ரக் பின்பக்கமா ஓடி வந்திரும்.

அவன் செத்த கதையை இந்தப் பேப்பர்ல ரெண்டாம் கிழமையே எழுதிட்டன். அப்ப வாசிக்காத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றன். யானை அடிச்சுச் செத்திருந்தாலும் ஒரு கெத்து இருந்திருக்கும். வாகரைப் பக்கம் யானைக்குக் குறைவா? எங்கட ஆள் மோட்டசைக்கிள்ல போய் மாட்டில அடிபட்டுச் செத்தான். மாடு எழும்பிப் போயிட்டு. இப்பவும் அந்த மாடு ரோட்டில படுத்து அசை போடுது. நான் பஸ்ஸில போகக்குள்ள அதைப் பாத்து முறைக்கிற. அது என்னைப் பாக்கிறல்ல.

சொதிக்குப் பச்சை மிளகாய் இல்லையெண்டு அம்மாதான் அவனைக் கடைக்கு அனுப்பின. அண்டையில இருந்து எங்கட வீட்டில பச்சை மிளகாய் வாங்கிறல்ல. சொதி வெள்ளையா, ஒரு ருசியும் இல்லாமக் கிடக்கும். அம்மா அதைத்தான் சோத்தில ஊத்தி ஊத்திச் சாப்பிடுறா.

அசையிற சாமான்

அவன் போனதுக்குப் பிறகு அவன்ட சேட் ஆணியில தொங்கிச்சு. அசையல்ல. செருப்பு வாசல்ல கிடந்திச்சு. அசையல்ல. போன்ல என்னமோ பூட்டுப் போட்டு வெச்சிருந்தான், அது திறக்கல்ல. அவன்ட சாமான்ல அசையக்கூடினது இந்த ட்ரக் ஒண்டுதான். ரிமோட்டை அமத்தினா ஓடும். அமத்தினது நான்தான், அது எனக்குத் தெரியும். எண்டாலும் அந்த மோட்டர்ச் சத்தம் கேக்கக்குள்ள, குசினிக்குள்ள அம்மா அகப்பையை நிப்பாட்டிருவா. சத்தம் முடியிற வரைக்கும் நிண்டு கேப்பா.

ரிமோட்டை என்ட தலவாணிக்குக் கீழ வெச்சிருந்தன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிஞ்சு ரெண்டு நாளால நான் ட்ரக்கை விட்டுப் பாத்தன். அண்டைக்குத்தான் இந்தக் கிறுக்கம் துவங்கினது. முதல்ல கொஞ்சம். போகப் போக, ஒரே இடத்தில நிண்டு வட்டம் வரைஞ்சு காட்டுற அளவுக்கு.

பெரியம்மா விடுவாவா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அம்மன் கோயில்ல வாக்குச் சொல்ற கட்டாடியாரிட்டப் போயிட்டு வந்தா. வரக்குள்ள ஒரு கறுப்பு நூலும் வந்திச்சு, ஒரு தீர்ப்பும் வந்திச்சு. ஆத்துமா போகாம அந்தச் சாமானைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதாம். நூலைக் கட்டி, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆத்துத் தண்ணியில விடணுமாம்.

"ஆத்துமா பட்டரியிலயா ஓடுது?" எண்டு கேட்டன்.

"இவளை ஒம்பதாம் வகுப்போட நிப்பாட்டினது பிழை. இன்னும் முதல்லயே நிப்பாட்டியிருக்கணும்" எண்டா பெரியம்மா.

அம்மா ஒண்டும் கதைக்கல்ல. அம்மா கதைக்காம இருந்தா அது முடிவெண்டு அர்த்தம்.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள இது நேரா ஓடினா?"

அம்மா ட்ரக்கைப் பாத்தா.

"நேரா ஓடினா வெச்சிரு. ஓடல்லையெண்டா விட்டிருவம் புள்ள. எனக்கு அது கிறுகிறதைப் பாக்க ஏலா."

அண்டைக்குப் புதன்கிழமை.

மீன் பொரிக்கலாம்

முதல்ல ரிமோட் பட்டரியை மாத்தினன். ட்ரக் பட்டரியை முழுக்கச் சார்ச் பண்ணினன். இப்ப இன்னும் வேகமா இடப்பக்கம் கிறுகிச்சு.

ரிமோட்டில ஒரு சின்னக் குமிழ் இருக்கு. சில்லு நடுவில நிக்காட்டி அதைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வாறது. அண்ணா செய்யக்குள்ள பாத்திருக்கன். வலப்பக்கமாத் திருப்பினன், நேரா ஓடிச்சு. சந்தோசத்தில சத்தம் போட்டன். சத்தம் முடியக்குள்ள திரும்பவும் கோழிக்கூடு.

எங்கயோ இறுக்கம் போல எண்டு நினைச்சு, முன்சில்லு மூட்டெல்லாத்திலயும் தேங்காயெண்ணெய் விட்டன். எண்ணெயில மண் ஒட்டிச்சு. மண் சேறு மாதிரி வந்திச்சு. அதுக்கு மேல கட்டாடியார்ட நூலை, பெரியம்மா சரியாப் பாத்து முன்சில்லு அச்சிலயே கட்டியிருந்தா. அது சுத்துப்பட்டு இறுகி, வலப்பக்கம் கிறுக இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிட்டு. நூலை வெட்டினன். வெட்டினதைக் கண்டா பெரியம்மா என்னை வெட்டுவா எண்டு, முடிச்சுப் போட்டு ட்ரக்கிட கூரையில கட்டி வெச்சன்.

வியாழன் விடிய ட்ரக்கை அரிசிப் பையில போட்டு ஓட்டமாவடி பஸ் ஏறினன். பை சரியா மூடல்ல, சில்லு வெளிய தெரிஞ்சிச்சு.

"தங்கச்சி, வாகனத்தைக் கொண்டு வந்து பஸ்ஸில ஏத்துறீங்க?" எண்டான் கொண்டக்டர்.

"ஸ்டேரிங் பழுது."

"இதுக்குமா?" எண்டு டிரைவர் முன்னால இருந்து திரும்பாமலே கேட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த மனிசன் ஸ்டேரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பாத்தா, அது பழுதா இல்லையா எண்டு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சு.

ஓட்டமாவடியில ரியாஸ் நானா (அங்க அண்ணாவை நானா எண்டுதான் கூப்பிடுற) போன் திருத்திற கடை வெச்சிருக்கார். கட்டாரில அண்ணாவும் அவரும் ஒரு அறை, ஒரே இரும்புக் கட்டில்ல மேலயும் கீழயும். அண்ணாட உடுப்பெல்லாம் போய்ச் சேர்ந்தது அவரிட்டத்தான்.

ட்ரக்கைக் கண்டவுடன அவர் முகம் ஒரு மாதிரிப் போச்சு. உடன சிரிப்பைப் போட்டு மூடினார். மூட்டில விரலை வெச்சுத் தேச்சு மணந்து பாத்தார்.

"ஆர் உனக்குத் தேங்காயெண்ணெய் ஊத்தச் சொன்ன?"

"கதவுக்கு ஊத்துறல்லா?"

"கதவு மண்ணில ஓடுதா? இதில மீன் பொரிக்கலாம் தங்கச்சி. சட்டி கொண்டு வா."

எண்ணெயையும் சேத்தையும் துடைச்சுட்டு, ட்ரக்கை ஒரு பால்மா டின்னுக்கு மேல தூக்கி வெச்சார். முன்சில்லு ரெண்டும் அந்தரத்தில தொங்கிச்சு. மறுகா, சில்லையும் அதைத் திருப்புற மோட்டர்ப் பெட்டியையும் சேத்துப் பிடிக்கிற கம்பியைக் கழட்டினார்.

"இப்ப கையால சில்லைத் திருப்பு."

திருப்பினன். ரெண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போச்சு.

"அப்ப சில்லில பிழை இல்ல. ரிமோட்டைப் போடு."

போட்டன். நான் ஒண்டையும் தொடல்ல. மோட்டர்ப் பெட்டியில ஒரு சின்னக் கை இருக்கு, அதுதான் கம்பியைத் தள்ளுற. அந்தக் கை தன்ட பாட்டில நடுங்கி நடுங்கி இடப்பக்கம் போச்சு.

"பெரியம்மா இதைக் கண்டா இங்கயே சாமி ஆடுவா" எண்டன்.

"ஆடட்டும், கடைக்கு ஆக்கள் வருவாங்க." இழுப்பறைக்குள்ள கிண்டி, உடைஞ்ச ஒரு விளையாட்டுச் சாமான்ல கழட்டின இன்னொரு மோட்டர்ப் பெட்டியை எடுத்து, அந்த வயரைக் கொண்டு போய் ட்ரக்கில குத்தினார். ரிமோட்டைத் திருப்பினன். சொன்னபடி வலம் போச்சு, இடம் போச்சு, விட்டவுடன நடுவில வந்து நிண்டிச்சு.

"ட்ரக் நல்லம், ரிமோட் நல்லம். அப்ப உங்கட பேய் இந்தப் பழைய பெட்டிக்குள்ளதான் இரிக்கி. திறப்பம்."

பேய்ட நிறம்

அடியில நாலு நீள இஸ்குரு. கழட்டி மூடியைத் தூக்கினார். உள்ள எல்லாம் மஞ்சள்.

"என்னது இது? உள்ளுக்குள்ள கறி காச்சினயா?"

பல்லுச் சக்கரத்தில மஞ்சள். வயர்ல மஞ்சள். அடியில ஒரு வட்டமான குட்டிச் சாமான், அதுக்குள்ள சேறு மாதிரிக் காஞ்ச மஞ்சள். கை எங்க நிக்குதெண்டு மோட்டருக்குச் சொல்றது அந்த வட்டம்தானாம். அதில அழுக்குப் பிடிச்சா, நடு எங்கயெண்டு தெரியாம அது ஒரு பக்கமா இழுத்துக்கொண்டே இருக்குமாம்.

எனக்கு அப்பதான் மண்டைக்குள்ள விழுந்திச்சு. முப்பத்தோராம் நாள் சாவுத் துடக்குக் கழிக்கக்குள்ள வீடெல்லாம் கழுவி, மஞ்சள் தண்ணி தெளிக்கிறது. தெளிக்கிறதுதான் வழக்கம். அண்டைக்கு நான் கோயிலுக்குப் போயிட்டு வரக்குள்ள, கோழிக்கூட்டுக்கு மேல தலவாணி உறையோட சேத்து ட்ரக்கும் வெயில்ல காஞ்சுகொண்டு கிடந்திச்சு. கண் கண்டிச்சு. மண்டைக்குள்ள போகல்ல. அம்மா அவன்ட சாமானெல்லாத்தையும் பெரிய வாளியில மஞ்சள் தண்ணி கரைச்சு ஊறப் போட்டிருக்கா. தண்ணி தெறிச்சா ஒண்டும் செய்யா எண்டு ட்ரக் பெட்டியில படம் போட்டிருந்திச்சுதான். ஊறப் போடுறதைப் பத்தி அவங்க யோசிக்கல்ல. எங்கட அம்மாவை அவங்களுக்குத் தெரியா.

நான் சொல்லச் சொல்ல ரியாஸ் நானா மேசையில தலையை வெச்சுச் சிரிச்சார். நானும் சிரிச்சன். கண்ணால தண்ணி வரச் சிரிச்சம். மறுகா அவர் திடீரெண்டு நிப்பாட்டினார்.

"உங்கட உம்மா இதை எவ்வளவு நேரம் கழுவியிருப்பா, யோசிச்சுப் பார்" எண்டார்.

அவர் ஒரு பழைய பல்லுத் தூரிகையை என்ட கையில தந்துட்டு, போன் துப்புரவாக்கிற ஸ்பிறேயை எடுத்தார். அவர் அடிக்க அடிக்க நான் சுரண்டினன். தூரிகை போகாத இடத்தில நகத்தால சுரண்டினன்.

எல்லாம் காய வெச்சுப் பூட்டினம். அந்தச் சின்னக் கையை நான்தான் பூட்டினன். விட்டுப் பாத்தா வலப்பக்கம் கிறுகுது!

"பெரியம்மாக்கு என்ன சொல்ல? ஆத்துமா யோசனையை மாத்திட்டு எண்டா?"

"மடச்சி. முதல்ல ரிமோட்டைப் போட்டு, அது தன்ட நடுவுக்கு வந்து நிண்ட பிறகுதான் கையைப் பூட்டணும். நீ ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டிட்டாய்."

திரும்பக் கழட்டி, திரும்பப் பூட்டினம். கடை வாசல்ல விட்டம். நேராப் போச்சு. நேரா எண்டா அப்படி ஒரு நேர். ரோட்டுக்கு இறங்கப் பாத்தது, ரியாஸ் நானா ஓடிப் போய்ப் பிடிச்சார். ட்ரக்கை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கயே நிண்டார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நூலுக்கு மரியாதை

பஸ்ஸில வரக்குள்ள இதுதான் யோசனை. மஞ்சளைப் பத்திச் சொன்னா, பெரியம்மாட வாயும் கட்டாடியார்ட வாயும் ஒரே அடியில மூடும். எனக்கு அதில எவ்வளவு ஆசை எண்டு உங்களுக்குத் தெரியா. ஆனா சொன்னா, அம்மா என்ன சொல்லுவா எண்டும் எனக்குத் தெரியும். மிளகாய்க்கு அனுப்பினதும் நான், இதைக் கெடுத்ததும் நான் எண்டுவா. சொதி போதாதெண்டு இனிச் சோத்தையும் விட்டிருவா.

சொல்றல்ல எண்டு முடிவெடுத்தன். (இப்ப எழுதுறதுக்கு அம்மாட்டக் கேட்டன், ஓம் எண்டா. பெரியம்மாக்கு இண்டைக்குத்தான் தெரியும். வணக்கம் பெரியம்மா.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டாடியார் வந்தார், வேட்டி, சந்தனம், கையில போன். பெரியம்மா தேசிக்காய், கற்பூரம், வெத்திலையெல்லாம் ஒரு தட்டில வெச்சிருந்தா. பக்கத்து வளவு ஆக்களும் வேலியில. ஒரு ட்ரக்கை ஆத்தில விடுறதைப் பாக்க இவ்வளவு பேர். அவன் கட்டார்ல இருந்து வரக்குள்ள பாக்க வந்ததும் இவ்வளவு பேர்தான்.

கிணத்தடியில ட்ரக்கை வெச்சன். ரிமோட்டை அமத்தினன்.

போச்சு. கோழிக்கூட்டைத் தாண்டிச்சு. தேங்காய் மட்டைக் குவியலைத் தாண்டிச்சு. கட்டாடியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு விலகினார், அவர்ட ரெண்டு காலும் நிண்ட இடத்தால நேராப் போய் வேலிப் படலையில நிண்டிச்சு.



மறுகா பெரியம்மா கையைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா. "அம்மாளே! நூல் வேலை செஞ்சிட்டு!"

கட்டாடியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "நானொண்டும் செய்யல்ல. எல்லாம் அவட சக்தி" எண்டார். அடக்கம் எண்டா அப்படி ஒரு அடக்கம். கூரையில கிடந்த நூலைக் காட்டி, "அதை மட்டும் அவிழ்க்க வேணாம் புள்ள" எண்டார்.

எனக்கு நாக்கு நுனியில வந்திட்டு. வாயைத் திறந்தன். அம்மா குசினி வாசல்ல நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"ஓம் ஐயா, அவிழ்க்கிறல்ல" எண்டன். என்ட வாழ்க்கையில இதைப் போல கசப்பான ஒரு வரியை நான் சொன்னதே இல்ல.

கழுவாத சாமான்

ஆக்களெல்லாம் போனதுக்குப் பிறகு அம்மா வந்து எனக்குப் பக்கத்தில குந்தினா.

"கையைக் காட்டு."

"ஏன்?"

"காட்டு புள்ள."

காட்டினன். நகத்துக்குள்ளயெல்லாம் மஞ்சள். ரெண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினன், போகல்ல.

"நான் ஊறப் போட்டதாலதானே?"

இல்லையெண்டு சொல்ல நினைச்சுத்தான் வாயைத் திறந்தன். "ஓம்" எண்டுதான் வந்திச்சு.

"அப்ப அவன் இல்ல."

"இல்லம்மா."

அம்மா அழல்ல. மண்ணில சில்லுப் போன கோட்டை விரலால தடவிக்கொண்டு இருந்தா.

"எல்லாத்தையும் கழுவிட்டன் புள்ள. சேட், சாரம், தலவாணி, எல்லாம். வழக்கம் எண்டு கழுவினன். இப்ப எதை எடுத்து மணந்தாலும் மஞ்சளும் சவர்க்காரமும்தான். அவன்ட மணம் ஒண்டிலயும் இல்ல."

கையில ரிமோட் இருந்திச்சு. அதில திருப்புறதுக்கு ஒரு குட்டிச் சில்லு இருக்கு, அதைச் சுத்திக் கறுப்பு ஸ்பொஞ்ச். அவன்ட கை அழுக்கு, வேர்வை, எல்லாம் அந்த ஸ்பொஞ்சிலதான்.

"இதைக் கழுவல்லம்மா. இது என்ட தலவாணிக்குக் கீழ கிடந்த."

அம்மா ரெண்டு கையாலயும் வாங்கி, மூக்கில வெச்சு இழுத்தா. கண்ணை மூடிக்கொண்டு நல்லா இழுத்தா. மறுகா கண்ணைத் திறந்தா. முகம் மாறிட்டு. திரும்பவும் மணந்தா.

"சிகரட் மணக்குது."

நான் வேலிப்பக்கம் பாத்தன்.

"இவன் சிகரட் குடிக்கிறவனா?"

"எனக்குத் தெரியா."

"பொய் சொல்லாத. உனக்குத் தெரியும். கிணத்தடியில நிண்டு ட்ரக் விடுறன், ட்ரக் விடுறன் எண்டு இதையா செஞ்ச? கழுதை! தாய்க்குத் தெரியாமப் புகை விடுறானோ!"

எத்தின நாளைக்குப் பிறகு அம்மாட குரல் அப்படி ஏறிச்சு. வேலி ஓட்டையில பெரியம்மாட தலை தெரிஞ்சு, திரும்ப உள்ள போச்சு.

"வரட்டும் அவன். கேக்கிறன்" எண்டா அம்மா.

சொன்னது ரெண்டு பேருக்கும் கேட்டிச்சு. அம்மா ரிமோட்டை மடியில வெச்சுக்கொண்டு அப்படியே இருந்தா. நான் போய்ப் படலையடியில நிண்ட ட்ரக்கைத் தூக்கி வந்து, பட்டரியைக் கழட்டிச் சார்ச்சில போட்டன்.